பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

எங்க தேவாரம் பக்கம் ஸ்கூட்டர்ல லைட் மங்கினாலும் சரி, செல்ஃப் எடுக்காம 'டிக் டிக்'குன்னு சத்தம் மட்டும் வந்தாலும் சரி, முதல்ல கிடைக்கிற பதில் ஒண்ணுதான். "பேட்டரி போச்சுண்ணே, மாத்திருவோம்." மாத்துறோம். ரெண்டு மாசம் ஓடுது. மறுபடியும் லைட் மங்குது. அடுத்தது ரெகுலேட்டர். அதுக்கு அடுத்தது காயில். அதுலயும் சரிவரலைன்னா மொத்த ஒயரிங் கிட். சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் இருக்கிற உங்களுக்கும் இந்த வரிசை பழக்கமாத்தான் இருக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு சாமானை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை வெச்சு அளந்து, என்ன நம்பர் வந்துச்சுன்னு மெக்கானிக் சொல்லணும். அப்படி அளந்து குறையைக் கண்டுபிடிச்சவருக்கு, ஒரு சாமானும் மாத்தலைன்னாலும் நாம மனசாரக் கூலி கொடுக்கணும். இதுல முதல் பாதியைப் பத்திப் பேசுறவங்க நிறைய. ரெண்டாவது பாதியை யாரும் பேசுறதில்லை. ரெண்டாவது நடக்காம முதலாவது நடக்காது.

ஒரு பல்பு எரியலைன்னா இவ்வளவு பேசணுமான்னு தோணலாம். டவுன்ல தெருவிளக்கு இருக்கு, கடை வெளிச்சம் இருக்கு, முன்னாடி போற காரோட வெளிச்சம் இருக்கு. உங்க ஹெட்லைட் எரியலைங்கறதே வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். இங்க அப்படி இல்ல. ஊர் எல்லையைத் தாண்டினா தோட்டத்துக்குப் போற பாதை முழுக்க இருட்டு. பம்புசெட்டுக்கு த்ரீ பேஸ் கரண்டு ராத்திரி முறையில வந்தா, அந்த நேரத்துக்கு எந்திரிச்சு வண்டியை எடுத்துட்டுப் போய்த்தான் மோட்டாரைப் போடணும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைகளை விடியக் கருக்கல்ல ஜீப் நிக்கிற இடத்துல கொண்டுபோய் விடுறதும் இந்த ஸ்கூட்டரும் மொபெட்டும்தான். மலையடிவாரத்துல காட்டுப்பன்னி குறுக்க ஓடும். மக்னா யானை நடமாட்டம் இருந்த சமயத்துல, இருட்டினப்புறம் தோட்டத்துப் பக்கம் போகவே ஜனங்க பயந்தாங்க. அப்போ முன்னாடி இருபது அடி தெரியுதா, அம்பது அடி தெரியுதாங்கறது உயிர்க் கணக்கு.

பின் லைட்டைப் பத்தி நாம இன்னும் கம்மியாத்தான் நினைக்கிறோம். ராசிங்காபுரம், சிலமலை வழியா போடிக்குப் போற ரோட்டுல லாரியும் பஸ்ஸும் வேகமா வரும். பின்னாடி ஒரு பசுந்தீவனக் கட்டைக் கட்டிக்கிட்டு, சிவப்பு லைட்டே இல்லாம ஓரமாப் போற மொபெட்டு, லாரிக்காரர் கண்ணுக்குப் பத்தடி தூரத்துலதான் தெரியும். ஹெட்லைட் நமக்கு வழி தெரியறதுக்கு. பின் லைட் அடுத்தவனுக்கு நம்மைத் தெரியறதுக்கு. வண்டியில உக்காந்திருக்கிறவனுக்குப் பின் லைட் கண்ணுல படாததால, அது எரியுதா இல்லையான்னு மாசக்கணக்குல பார்க்காமலே ஓட்டுறோம்.

சரி, இந்தக் கரண்டு எங்க இருந்து வருது? நான் படிச்சது பத்தாவதுதான். அந்தப் படிப்பே இதுக்குப் போதும். செப்புக்கம்பிச் சுருளுக்குப் பக்கத்துல காந்தம் சுத்தினா அந்தக் கம்பியில கரண்டு பிறக்கும். இதை 1831-ல கண்டுபிடிச்சவர் மைக்கேல் ஃபாரடே. சின்ன வயசுல புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேலை கத்துக்கிட்டவர். முல்லைப் பெரியாறு தண்ணி ராட்சசக் குழாய்ல இறங்கி லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல டர்பைனைச் சுத்துதே, அங்க நடக்கிறதும் இதேதான். அங்க தண்ணி சுத்துது, நம்ம வண்டியில பெட்ரோல் சுத்துது. இன்ஜினோட ஃப்ளைவீல்ல காந்தம் பதிச்சிருக்கும், அதுக்குள்ள காயில் அசையாம உக்காந்திருக்கும். காயில்ல பிறக்கிறது ஏ.சி. கரண்டு. அதை பேட்டரிக்கு ஏத்த டி.சி.யா மாத்துறது, வோல்ட் அளவுக்கு மீறிப் போகாமப் பிடிக்கிறது, இந்த ரெண்டு வேலையையும் பார்க்கிறது ரெகுலேட்டர். அப்புறம் ஃபியூஸ், பேட்டரி, சுவிட்ச், பல்பு. எல்லாத்துக்கும் திரும்பி வர்ற பாதை எர்த், அதாவது வண்டியோட பாடி. சர்க்யூட் இவ்வளவுதான்.

ஆனா எல்லா வண்டியிலயும் இது ஒரே மாதிரி இருக்காது. எது எந்த ரகம்னு தெரியாம கை வெச்சா குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் ரகம், பேட்டரியே இல்லாதது. 1980-ல ஓசூர்ல இருந்து வந்த டி.வி.எஸ். 50, லூனா, பழைய பஜாஜ் ஸ்கூட்டர்கள் எல்லாம் இந்த ரகம். காயில்ல இருந்து நேரா பல்புக்குக் கரண்டு போகும். அதனால ரேஸ் ஏத்தினா வெளிச்சம் ஏறும், ரேஸ் இறக்கினா மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மங்கும். அது கோளாறு கிடையாது, அந்த வண்டியோட சுபாவம். இந்த ரகத்துல பழைய வண்டிகள்ல ஒரு விசேஷம் உண்டு. பின் பல்பு ஃபியூஸ் ஆனா, அது குடிச்சிட்டு இருந்த கரண்டும் முன் பல்புக்கே போய், கொஞ்ச நாள்ல அதுவும் போயிடும். 'ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகுது'ன்னு வர்றவர்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது, பின் பல்பு எரியுதா, அது சரியான வாட்ஸா அப்படிங்கறதுதான்.

ரெண்டாவது ரகம், பாதிப் பாதி. 2001-ல வந்த ஆக்டிவா மாதிரி முதல் தலைமுறை செல்ஃப் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஹெட்லைட்டும் பின் லைட்டும் காயில்ல இருந்து ஏ.சி.யில எரியும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் இதெல்லாம் பேட்டரியில ஓடும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே மீட்டர் இல்லாம பாதிக் குறையைக் கண்டுபிடிச்சிடலாம். ஹெட்லைட் நல்லா எரியுது, ஹாரன் மட்டும் தொண்டை கட்டின மாதிரி கேட்குதா? பேட்டரி பக்கம் பாருங்க. ஹாரன் நல்லா அடிக்குது, ஹெட்லைட் மட்டும் எந்த ரேஸ்லயும் மங்கலா? அப்போ பேட்டரியை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. லைட் காயில், சுவிட்ச், பல்பு ஹோல்டர், எர்த் இந்த நாலுலதான் குறை. ரெண்டும் சேர்ந்து மோசமா இருந்தா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ரெகுலேட்டரையும் எர்த்தையும் பாருங்க. ரேஸ் ஏத்தினதும் பல்பெல்லாம் பளிச்சுன்னு எரிஞ்சு போயிடுதுன்னா, ரெகுலேட்டர் செத்திருக்கும், இல்லாட்டி ரெகுலேட்டரோட எர்த் ஒயர் அந்துபோயிருக்கும்.

மூணாவது ரகம், இப்ப வர்ற வண்டிகள். 2017 ஏப்ரல்ல இருந்து புது டூவீலர்கள்ல இன்ஜின் ஓடினா ஹெட்லைட் தானா எரியணும்னு சட்டம் வந்துச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்ததும் ஸ்கூட்டர்கள்ல கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. வந்தது. எல்.இ.டி. லைட்டும் பரவலாச்சு. பெரும்பாலும் எல்லாமே டி.சி.தான். இதுல பேட்டரி சுத்தமாப் படுத்துட்டா, கிக்கர் இருந்தாலும் வண்டி கிளம்புறது கஷ்டம். ஏன்னா பெட்ரோலைப் பீச்சுறதுக்கே கரண்டு வேணும்.

இனி அளக்கிற விஷயம். ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஸ்கூட்டர் பேட்டரி அதைப்போல மூணு, நாலு மடங்கு. மீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வைங்க. சிவப்பு முனை பிளஸ்ல, கறுப்பு முனை மைனஸ்ல.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, காலையில சாவி போடாம பேட்டரியை அளங்க. 12.6-க்கு மேல இருந்தா வயிறு நிறைஞ்ச பேட்டரி. 12.2 பக்கம்னா அரை வயிறு. 12-க்குக் கீழன்னா பட்டினி. 10.5 பக்கமே நின்னு, சார்ஜ் போட்டும் ஏறலைன்னா உள்ள ஒரு செல் போயிருக்கு. ஆறு செல்லுல ஒண்ணு போனா ரெண்டு வோல்ட் குறையும், கணக்கு சரியா வரும். அந்த பேட்டரியை மாத்தித்தான் ஆகணும்.

அடுத்து, செல்ஃபை அமுக்கும்போது பாருங்க. நல்ல பேட்டரி பத்துக்குக் கீழ போகாமத் தாங்கும். 12.6 காட்டின பேட்டரி, செல்ஃபைத் தொட்டதும் ஏழு எட்டுன்னு விழுந்தா, மேலோட்டமாத்தான் வோல்ட் இருக்கு, உள்ள சத்து இல்லன்னு அர்த்தம்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட் எரியும்போதே ரேஸைக் கொஞ்சம் ஏத்திப் பிடிச்சு, பேட்டரி முனையில அளங்க. 13.5-ல இருந்து 14.5 வரைக்கும் வந்தா சார்ஜ் ஆகுது. ரேஸ் ஏத்தியும் 12.5-லயே நின்னா சார்ஜ் ஆகலை. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு. அது பேட்டரியை அவிச்சு எடுத்துடும், பேட்டரி வயிறு உப்பும்.

இந்த மூணாவது அளவைப் பார்க்காம பேட்டரி மாத்துறவங்கதான் அதிகம். இங்கதான் ஒரு சூட்சுமம் இருக்கு. சார்ஜ் ஏறாம நாள்கணக்குல அரை வயிறா கிடந்தா நல்ல பேட்டரியும் உள்ள உப்புப் படிஞ்சு நிஜமாவே கெட்டுப்போகும். 'பேட்டரி போச்சு'ன்னு மெக்கானிக் சொன்னது பொய் கிடையாது. ஆனா அது ஏன் போச்சுன்னு அவரும் பார்க்கலை, நாமளும் கேட்கலை. மடை அடைச்சுத் தண்ணி பாயாம வயல்ல நாத்து காயுது. புது நாத்தா மாத்தி மாத்தி நட்டா சரியாகுமா? மண்வெட்டியை எடுத்துக்கிட்டு மடைக்கில்ல போகணும்.

எங்க தெருத் தம்பி ஒருத்தனுக்கு இதே கதை. ஏலக்காய்க் கடையில வேலை, தினமும் போடிக்குப் போய் வருவான். ஏழு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தினான். ஒவ்வொண்ணும் ஆயிரத்து நானூறு. மூணாவது தடவை லைட் மங்கினதும், எங்க ஊர்ல டிராக்டருக்கெல்லாம் எலக்ட்ரிக் வேலை பார்த்த ஒரு பெரியவர்கிட்ட நானும் கூடப் போனேன். அவர் சாமான் பெட்டியையே திறக்கலை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மீட்டரை வெச்சார். பேட்டரி முனையில 12.9. ரெகுலேட்டரோட சிவப்பு ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல 14.2.

"பாத்தியாப்பா, அங்க 14.2 உற்பத்தி ஆகுது. இங்க வந்து சேர்றது 12.9. நடுவுல 1.3 வோல்ட்டை யாரோ தின்னுட்டான். அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னு பாப்போம்."

மைனஸ் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல வெச்சார், 1.2 காட்டுச்சு. நல்ல எர்த்துன்னா அங்க 0.2-க்கு மேல இருக்கக் கூடாதாம். பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயரோட போல்ட்டைக் கழட்டினார். வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் தேய்ச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவினார். மறுபடி ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி முனையில 14.1. இருபது நிமிஷ வேலை. "நூத்தம்பது குடுப்பா"ன்னார்.

தம்பி கொடுத்துட்டு, வெளிய வந்ததும் என்கிட்ட முணுமுணுத்தான்: "ஒரு போல்ட்டைத் தேய்ச்சதுக்கு நூத்தம்பதா மாமா?"

ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாயை வாய் பேசாமக் கொடுத்தவன் அவன். அப்போ கையில ஒரு பெட்டி வந்துச்சு, வாரண்டி கார்டு வந்துச்சு. காசுக்குப் பொருள் கிடைச்ச திருப்தி. குறையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்த நூத்தம்பதுக்குக் கையில ஒண்ணும் இல்ல. நம்ம எல்லாருக்கும் இந்தக் குணம் இருக்கு. சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், கண்டுபிடிச்சதுக்குக் கொடுக்க மாட்டேங்கறோம்.

மெக்கானிக் நிலைமையில இருந்து இதைப் பாருங்க. வாசல்ல பத்து வண்டி நிக்குது. ஒரு வண்டிக்கு அரைமணி நேரம் மீட்டரைப் பிடிச்சு, ஒரு எர்த் ஒயரைத் தேய்ச்சு அனுப்பினா அவருக்கு அம்பது ரூபாய் கேட்கவே கூச்சமா இருக்கும். அதே நேரத்துல ஒரு பேட்டரியை மாத்தினா விற்பனையில லாபம் நிக்கும், வண்டிக்காரரும் சந்தோஷமாப் போவார். அளக்கிறவனுக்கு நஷ்டம், மாத்துறவனுக்கு லாபம்னு நாமளே கணக்கு எழுதி வெச்சிட்டு, 'இப்பல்லாம் மெக்கானிக்குக்குத் தொழில் தெரியலை'ன்னு சொல்றது நியாயமில்ல. தொழில் தெரிஞ்ச பெரியவர்களுக்குப் பின்னாடி அதைக் கத்துக்க பையன்கள் வராம இருக்கிறதுக்கும் இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

அதுக்காக மெக்கானிக் பக்கம் தப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பழைய பழக்கத்தை அவங்க விடணும். ஒண்ணு, ஒயரைப் பாடியில உரசிப் பொறி வருதான்னு பார்க்கிறது. இன்னொண்ணு, ஓடுற வண்டியில பேட்டரி ஒயரைக் கழட்டிப் பார்த்து, வண்டி நிக்காம ஓடினா சார்ஜ் ஆகுதுன்னு முடிவு பண்றது. பழைய வண்டி இதையெல்லாம் தாங்கிச்சு. இப்ப இருக்கிற எஃப்.ஐ. வண்டியில பேட்டரியைக் கழட்டினதும் வோல்ட் துள்ளிக் குதிக்கும். பல ஆயிரம் ரூபாய் இ.சி.யு. அந்த ஒரு நொடியில போயிடலாம். அப்புறம், ஃபியூஸ் போனா ஏன் போச்சுன்னு பார்க்காம சிகரெட் பாக்கெட் ஜிகினாவைச் சுத்தி விடுறது. அது குறையைச் சரி பண்றதில்ல, அடுத்து ஒயர் எரியறதுக்கு வழி விடுறது.

எங்க பக்கத்துக்குன்னே சில குறைகள் உண்டு. ஏலச்செடியில அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிறோம். அந்தத் துத்தத்தையும், யூரியா, பொட்டாஷ் மூட்டையையும் வண்டியில வெச்சுத்தான் கொண்டுபோறோம். சிந்தின உப்பு சாரல் ஈரத்துல கரைஞ்சு கனெக்டருக்குள்ள இறங்கினா, செம்பும் இரும்பும் சேர்ந்து அரிக்கும். அடுத்தது எலி. கொட்டாயில நிக்கிற வண்டியில ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக்கைக் கொறிச்சுடும். மூணாவது, ஹேண்டில் கழுத்து. திருப்பித் திருப்பி அந்த இடத்துல ஒயர் மேல தோல் நல்லா இருக்க, உள்ள செம்புக் கம்பி அந்து நிக்கும். ஹேண்டிலை இடதும் வலதும் திருப்பும்போது லைட் விட்டு விட்டு எரிஞ்சா வேற எங்கயும் தேட வேண்டாம், அங்கதான். டவுன்ல உங்களுக்கு உரம் இல்ல, ஆனா வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணியை நேரா டூமுக்குள்ள அடிக்கிறாங்களே, அதுவும் இதே வேலையைத்தான் பார்க்கும்.

இன்னொரு குறையை நாமளே காசு கொடுத்து வாங்குறோம். வெளிச்சம் பத்தலைன்னு ஃபோகஸ் லைட் மாட்டுறது. அறுபது வாட்ஸ் லைட்டுன்னா 12 வோல்ட்ல அஞ்சு ஆம்பியர் இழுக்கும். ஸ்கூட்டர்ல இருக்கிறதோ மூணு, நாலு ஆம்பியர்-அவர் பேட்டரி. காயில் ஏற்கெனவே கொடுக்கிற லைட்டுக்குத்தான் அளவா செஞ்சது. மேல வெச்ச பாரத்தை பேட்டரிதான் சுமக்கணும், ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஹெட்லைட் கண்ணாடிக்குள்ள இருக்கிற ரிஃப்ளெக்டர் மங்கி இருக்கான்னும், ஹோல்டர்ல சரியா வோல்ட் வருதான்னும் பார்த்தாலே பல வண்டிக்கு ஃபோகஸ் லைட் தேவைப்படாது.

எர்த் நல்லா இருந்து, ஃபியூஸ் நல்லா இருந்து, அப்பவும் சார்ஜ் ஏறலைன்னாத்தான் காயில் பக்கம் போகணும். காயில் கனெக்டரைக் கழட்டி, மீட்டரை ஏ.சி.யில வெச்சா, ரேஸ் ஏற ஏற வோல்ட்டும் ஏறணும். அந்த முனையைக் கையால தொடாதீங்க, ஷாக் அடிக்கும். ஏ.சி. சரியா வந்து, டி.சி. வரலைன்னா ரெகுலேட்டர். ஏ.சி.யே வரலைன்னா காயில். ஓம்ஸ்ல அளக்கும்போது ஒண்ணைக் கவனிக்கணும்: பழைய ரக காயில்ல ஒரு முனை பாடியிலயே எர்த் ஆகியிருக்கும். பாடிக்குத் தொடர்பு காட்டுதேன்னு நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுடக் கூடாது. புது மூணு ஒயர் காயில்ல பாடிக்குத் தொடர்பு காட்டினாத்தான் அது கெட்டது. எந்த வண்டிக்கு எந்தக் கணக்குன்னு தெரியணும்னா ஒயரிங் படம் வேணும்.

அங்கதான் கம்பெனிகள் மேல எனக்கு வருத்தம். பழைய ஸ்கூட்டர் புத்தகங்கள்ல ஒயரிங் படத்தைப் பார்த்திருக்கேன். எந்த ஒயர் என்ன கலர், எங்க இருந்து எங்க போகுதுன்னு கோடு போட்டுக் காட்டியிருக்கும். இப்ப வண்டியோட வர்ற புத்தகத்துல 'எங்க அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்'னு பக்கத்துக்குப் பக்கம் இருக்கு, படத்தைக் காணோம். 2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு குழு போட்டுச்சு. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனங்கள்னு நாலு துறையை எடுத்தாங்க. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்னைக்கு அதுக்கு ஒரு இணையதளமும் திறந்தாங்க. கம்பெனிகள் கையேடு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை எல்லாருக்கும் தெரியற மாதிரி அதுல வைக்கணுங்கறது நோக்கம். நல்ல விஷயம். ஆனா எங்க ஊர்ப் பட்டறையில நிக்கிற மெக்கானிக் கைக்கு அது வரணும்னா, ஒயரிங் படமும், எந்த இடத்துல எவ்வளவு வோல்ட் வரணுங்கற அட்டவணையும் தமிழ்ல, வண்டிப் புத்தகத்துலயே ரெண்டு பக்கமா இருக்கணும். அதை அச்சடிக்க ஒரு வண்டிக்கு என்ன பெரிய செலவு ஆகிடப் போகுது?

'இவ்வளவும் நான் ஏன் தெரிஞ்சுக்கணும், எனக்கு நேரமில்ல'ன்னு டவுன்ல இருக்கிறவங்க சொல்லலாம். நீங்க போல்ட்டைத் தேய்க்க வேண்டாம். மூணே மூணு நம்பரைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க: நின்ன வண்டியில 12.6, செல்ஃப் அடிக்கும்போது 10, ரேஸ்ல 13.5-ல இருந்து 14.5. பட்டறைக்குப் போனதும், "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி இந்த மூணையும் அளந்து சொல்லுங்க, பார்க்கிறதுக்குத் தனியாக் கூலி தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. தனியாக் கூலிங்கற வார்த்தையைக் கேட்டதும் பல பேர் முகம் மாறும். அவங்களுக்கும் அந்தத் தொழிலை ஒழுங்காச் செய்ய ஆசைதான். பேட்டரி நிஜமாவே போயிருந்தா மாத்திக்கங்க. மாத்தின பிறகு ரேஸ்ல எவ்வளவு வருதுன்னு ஒரு தடவை அளந்து பில்லு மேலயே எழுதி வாங்கிக்கங்க. அடுத்த தடவை பேச்சு வளராது.

மீட்டர் இல்லாதவங்களும் ஒண்ணு செய்யலாம். சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது ஒரு சுவர் பக்கம் பின்புறத்தைக் காட்டி நிறுத்தி, பிரேக்கைப் பிடிச்சு விட்டுப் பாருங்க. சுவர்ல சிவப்பு விழணும், பிரேக்குக்கு அது ஏறி இறங்கணும். எங்க ஊர்க்காரங்களா இருந்தா, தீவனக்கட்டு அந்த லைட்டை மறைக்காம கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்க. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒண்ணைக் கயித்துலயாவது கட்டி விடுங்க. பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நம்ம பேட்டரி புதுசா பழசான்னு தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான்.